குழந்தை யாருடைய அமானிதம்?

கொற்கைக்குச் சென்று வந்தவர்களில் பலர் சற்றே ஏமாற்றத்துடன்தான் திரும்புகின்றனர். பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்று பாடநூலில் படித்தவர்கள் அலைகளையும் மரக்கலங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே காண்பதோ வாழைத் தோட்டங்களும், வயல்களும், ஒரு குளமும், முதுமையில் சாய்ந்துவிட்ட ஒரு வன்னி மரமுமே. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல் கடலைக் கிழக்கே தள்ளி வைத்துவிட்டது. 1968, 69ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் இவ்வூரில் அகழ்ந்தபோது, பழந்தமிழ் எழுத்துக்கள் கீறப்பட்ட பானை ஓடுகள் கிடைத்தன. அவ்வோடுகளை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. அந்த எழுத்துக்களைக் கீறிய கைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் யார்? தந்தையா, அண்டை வீட்டுப் பெரியவரா, துறைமுகத்துக்கு வந்து தங்கிய வணிகரா? எவராயினும், அவரிடம் பள்ளி நடத்த அனுமதிச் சீட்டு இருந்திருக்காது என்பது மட்டும் உறுதி.

இக்கேள்வி வெறும் பழம்பெருமைக் கேள்வியாக நின்றிருந்தால் அதை எழுத்தில் வடித்திருக்க மாட்டேன். கொற்கைக்கு அண்மையில் வாழும் ஒரு குடும்பம் அதை வேறு வடிவில் என் முன் வைத்தது. குடும்பத் தலைவர் வாழைத்தார் வியாபாரம் செய்பவர். அவருடைய மனைவி கணிதத்தில் பட்டம் பெற்றவர். அவர்களுடைய மூத்த மகளுக்குப் பதினோரு வயது. அறிவிலும் நினைவாற்றலிலும் குறைவற்ற பிள்ளை. ஆனால் பேச்சில் திக்கும். பள்ளியில் உடன் பயிலும் பிள்ளைகள் அவளைப்போலப் பேசிக்காட்டிச் சிரித்தனர். ஆசிரியர் கண்டித்தார், சிரிப்பு நிற்கவில்லை. காலையில் சீருடையைக் கண்டாலே அவளுக்கு வயிற்றுவலி வந்தது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் தாயார், ‘இனி நானே கற்றுக்கொடுக்கிறேன்’ என்று வீட்டில் வைத்துக்கொண்டார். கணிதமும் அறிவியலும் தாயிடம். தமிழ், தெருக்கோடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம். அஸருக்குப் பின் குர்ஆன் ஓதல். நான் பார்த்தபோது அப்பிள்ளை பின்னக் கணக்கை, வாழைச் சீப்புகளை வைத்துத் தன் தம்பிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். தம்பியிடம் பேசும்போது அவள் நாவு அவ்வளவாகத் தடுமாறவில்லை.

ஆண்டுதோறும் நடைபெறும் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்காக இரண்டு ஆசிரியைகள் அவ்வீட்டுக்கு வந்தனர். மரியாதையாகவே பேசினர். கையில் இருந்த படிவத்தில் ‘பள்ளி செல்பவர்’ என்று ஒரு கட்டம். ‘இடைநின்றவர்’ என்று ஒரு கட்டம். ‘வீட்டில் பயில்பவர்’ என்று கட்டம் ஏதும் இல்லை. சற்று நேரம் தயங்கியபின் ‘இடைநின்றவர்’ என்ற இடத்தில் குறியிட்டுச் சென்றனர். மாலையில் அக்குடும்பத் தலைவர் என்னிடம் வந்து, “காக்கா, நாங்கள் சட்டத்தை மீறிவிட்டோமா? போலீஸ் வருமா?” என்று கேட்டார். நான் வழக்கறிஞன் அல்லன். எனினும் கேள்வி என்னை விடவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம், ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் கல்வியை அரசியல் சட்டத்தின் 21அ பிரிவில் அடிப்படை உரிமையாக ஏற்றியது. அதையொட்டி இயற்றப்பட்ட 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் பத்தாம் பிரிவு, பிள்ளையை அண்மைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் அக்கடமையைச் செய்யாத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. ‘கட்டாயக் கல்வி’ என்ற சொல்லுக்கு அச்சட்டம் தரும் விளக்கத்தைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அந்தக் கட்டாயம் அரசின்மீது சுமத்தப்பட்டிருக்கிறது. பள்ளியை அமைத்துத் தருவதும், சேர்க்கையையும் வருகையையும் உறுதி செய்வதும் அரசின் பொறுப்பு. ஆகவே நண்பரின் வீட்டுக்குப் போலீஸ் வராது. அதே வேளையில், ‘நீங்கள் செய்வது சரி’ என்று சொல்லும் ஒரு வரியும் அச்சட்டத்தில் இல்லை. இங்கிலாந்தின் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பெற்றோர் தம் பிள்ளைக்குத் தகுந்த கல்வியைப் பள்ளி வாயிலாகவோ வேறு வகையிலோ அளிக்க வேண்டும் என்றது. ‘வேறு வகையிலோ’ என்ற அந்தச் சிறு சொல்லின் நிழலில்தான் அந்நாட்டில் வீட்டுக் கல்வி இன்றளவும் சட்டப்படி நிற்கிறது. நம் சட்டத்தில் அச்சொல் இல்லை. நம் நண்பரின் வீடு குற்றமாகவும் ஆகாமல் உரிமையாகவும் ஆகாமல் நடுவில் நிற்கிறது.

பள்ளி நடத்துவோர் நிலை வேறு. வீட்டில் கற்பிக்கும் தாய்க்குத் தண்டனை இல்லை. அவரே அண்டை வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பேரையும் சேர்த்துக்கொண்டு அங்கீகாரமின்றி ஒரு சிறு பள்ளியாக நடத்தினால், பதினெட்டாம் பிரிவின்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மேலும் தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம். அங்கீகாரம் பெறவோ கட்டடம், வகுப்பறை எண்ணிக்கை, கழிப்பறை, நூலகம் என்று விதிகள் உள்ளன. தமிழகத்தில் மெட்ரிக் பள்ளிகளுக்கென வகுக்கப்பட்ட விதிகளில் கிராம ஊராட்சியில் மூன்று ஏக்கர் நிலம் வேண்டும் என்றிருந்தது. மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் சிறு பள்ளி நடத்த வருவாரா, பெரிய பள்ளி நடத்த வருவாரா என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இந்த இடத்தில் நம்மவர் சிலர், ‘நமக்கென்ன? நமக்குத்தான் அரசியல் சட்டத்தின் 30ஆவது பிரிவு இருக்கிறதே’ என்று ஆறுதல் கொள்வதைக் கேட்டிருக்கிறேன். உண்மைதான். 2012ஆம் ஆண்டின் திருத்தம் மதரஸாக்களையும், வேத பாடசாலைகளையும், முதன்மையாகச் சமயக் கல்வி அளிக்கும் நிறுவனங்களையும் கல்வி உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கியது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சிறுபான்மையினர் பள்ளிகள் எவற்றுக்கும் அச்சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரிதானா என்ற ஐயத்தை 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு எழுப்பி, அதைப் பேரமர்வு ஆராய வேண்டும் என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பியிருக்கிறது. வழக்கு எப்படி முடியும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். என் மனத்தை உறுத்துவது வேறொன்று. நாகப்பட்டினம் பகுதியில் 2004 சுனாமிக்குப் பின் நரிக்குறவர், பூம்பூம் மாட்டுக்காரர் குழந்தைகளுக்காக ‘வானவில்’ என்ற பள்ளி தொடங்கப்பட்டது. தருமபுரி மாவட்டத்து நாகர்கூடலில் ‘புவிதம்’ என்ற பள்ளி நிலத்தோடும் பயிரோடும் சேர்த்துக் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறது. இவற்றைப் போன்ற முயற்சிகளை நடத்துவோர் மதத்தாலோ மொழியாலோ சிறுபான்மையினராக இல்லாவிட்டால், 30ஆவது பிரிவின் குடை அவர்கள் தலைமேல் விரியாது. ஊர் ஊராகத் திரியும் மக்களின் பிள்ளைக்குக் கற்பிப்பவர் வெயிலில் நிற்க, நாம் மட்டும் நிழலில் நிற்பது நமக்கு நிறைவு தருமா? ஓர் உரிமை நியாயமானது என்று நம்பினால், அது பிறருக்கும் வேண்டும் என்று கேட்பதுதான் அந்நம்பிக்கைக்கு அழகு.

பழைய ஆவணங்களுக்கு வருவோம். சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல் எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும், அவற்றில் ஏறத்தாழ 1,88,000 மாணவர்களும் இருந்தனர். பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகள். அக்கணக்கில் என்னைக் கவர்ந்தது வேறோர் எண். சென்னை நகரத்துக் கலெக்டர் மட்டும், தம் பகுதியில் வீட்டிலேயே பயிலும் பிள்ளைகளையும் எண்ணி அனுப்பினார். அத்தொகை ஏறத்தாழ 27,000. பள்ளிகளில் பயின்றவர்களோ சுமார் 5,500 பேர் மட்டுமே. வீட்டுக் கணக்கு மிகையாக இருக்கலாம் என்று மன்றோவே ஐயுற்றார். எனினும் வீட்டில் கற்பதும் கல்வியே என்று ஏற்று, அதையும் சேர்த்தே தம் மதிப்பீட்டைச் செய்தார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அந்நிய ஆளுநரின் படிவத்தில் இருந்த கட்டம் இன்று நம் படிவத்தில் இல்லாமற் போயிற்று!

திண்ணையைப் புகழ்ந்து பாடிவிட்டுப் போவது எளிது; அதைச் செய்ய எனக்கு மனமில்லை. அந்தக் கணக்கிலேயே பெண் பிள்ளைகள் மிகச் சிலரே காணப்படுகின்றனர். தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு எத்தனை திண்ணைகளில் இடம் இருந்திருக்கும்? திண்ணை, வீட்டுக்குச் சொந்தக்காரருடையது. யார் ஏறலாம், யார் தெருவில் நிற்க வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார். சிறு பள்ளியின் சுதந்திரம் என்று நாம் பேசும்போது அந்தத் தீர்மானிக்கும் உரிமையையும் சேர்த்தே பேசுகிறோம் என்பதை மறந்துவிடக்கூடாது.

இதை நமக்குக் கற்பித்த ஊர் நம் தாமிரபரணிக் கரையிலேயே இருக்கிறது. சேரன்மாதேவியைச் சொல்கிறேன்.

புதுவையில் தேசபக்தராய் மறைந்து வாழ்ந்து, திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த வ.வே.சு. ஐயர், 1922இல் அங்கே தமிழ்க் குருகுலம் ஒன்றை நிறுவினார். அந்நிய அரசின் பள்ளிகளைப் புறக்கணிக்க வேண்டும் என்று நாடு முழுவதும் முழங்கிய காலம் அது. அரசாங்கத்தின் அங்கீகாரமும் வேண்டாம், உதவித்தொகையும் வேண்டாம், பாடநூலும் வேண்டாம். தாய்மொழியில் கற்பிப்போம், உடலுழைப்பையும் கலையையும் அறிவியலையும் சேர்த்துக் கற்பிப்போம் என்ற உயர்ந்த எண்ணத்துடன் எழுந்த சுதந்திரப் பள்ளி அது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக வாக்களித்து, ஐயாயிரம் கொடுத்தது. பல சாதியாரும் நன்கொடை அளித்தனர்; பல சாதிப் பிள்ளைகளும் சேர்ந்தனர்.

அந்தக் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனிப் பந்தி நடந்தது. தண்ணீர்ப் பானையிலும் வேறுபாடு இருந்தது என்றும், அங்கே பயின்ற தம் மகன் வீட்டுக்கு வந்து சொன்னதைக் கேட்டே ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் செய்தியை வெளியே கொண்டுவந்தார் என்றும் சொல்லப்படுகிறது. பின்னாளில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரான அதே ஓமந்தூரார்தாம். வரதராஜுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ பத்திரிகையில் எழுதிக் கிளர்ச்சியை மூட்டினார். காங்கிரஸ் கமிட்டியின் செயலாளராய் இருந்த ஈ.வெ. ராமசாமி மீதித் தொகையைத் தர மறுத்தார். 1924, 25ஆம் ஆண்டுகளில் தமிழகம் முழுவதும் இதுவே பேச்சாயிற்று. காந்தியடிகள் வரை வழக்குச் சென்றது.

ஐயர் தரப்பில் சொல்லப்பட்ட விடையைத்தான் வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தனிப் பந்தி தம் கொள்கையன்று, அப்பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோர் அவ்வாறு கேட்டுக்கொண்டனர், அவர்களுக்கு வாக்களித்தாயிற்று, பெற்றோரின் விருப்பத்தை எப்படி மீறுவது? இதுதான் விடை. பெற்றோரின் உரிமை என்ற அந்தச் சொல்லைத்தான் இன்று நானும் என் நண்பருக்காகத் தேடி அலைகிறேன்! ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையின் அருகில் உட்காரவிடாமல் தடுக்கவும் அதே சொல் பயன்பட்டது. ஐயரைக் கொடியவர் என்று நான் எண்ணவில்லை. வாக்குத் தவறாமையைப் பெரிதாக எண்ணிய ஒரு நேர்மையாளர், அவ்வாக்கு யாருடைய முதுகில் ஏறி நிற்கிறது என்பதைக் காணத் தவறினார். 1925 ஜூன் மாதத் தொடக்கத்தில், பாபநாசம் மலையில் அதே தாமிரபரணி நீரில் தம் மகளைக் காப்பாற்ற முயன்று அவர் உயிர் நீத்தார். அந்த ஆண்டின் இறுதியில் ஈ.வெ. ராமசாமி காங்கிரசை விட்டு வெளியேறினார். ஒரு சிறு பள்ளியின் சாப்பாட்டுப் பந்தி தமிழகத்தின் அரசியலையே திருப்பிவிட்டது.

ஐயர் மறைந்த அதே 1925 ஜூன் மாதத்தின் முதல் நாள், கடல் கடந்து அமெரிக்காவில் ஒரு தீர்ப்பு வெளிவந்தது. ஓரிகன் மாநிலம், எல்லாக் குழந்தைகளும் அரசுப் பள்ளிக்கே செல்ல வேண்டும் என்று சட்டம் இயற்றியிருந்தது. கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய பள்ளியும், வேறொரு தனியார் பள்ளியும் வழக்குத் தொடுத்தன. குழந்தை அரசின் படைப்பு அன்று. அதை வளர்த்து வழிப்படுத்தும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு உண்டு என்ற கருத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டத்தைத் தள்ளிற்று. சிறு பள்ளிகளின் உரிமை பற்றி உலகில் எங்கு பேசினாலும் இத்தீர்ப்பிலிருந்தே தொடங்குகிறார்கள். சேரன்மாதேவிக் கதையையும் உடன் வைத்துப் படித்தால்தான் அதன் மறுபக்கம் தெரியும் என்பது என் எண்ணம். அதே நீதிமன்றம் 1972இல் ஆமிஷ் என்னும் கிறித்துவப் பிரிவினரின் வழக்கில், எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த பெற்றோருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அப்போது நீதிபதி டக்ளஸ் ஒரு பகுதியில் மாறுபட்டு நின்றார். பெற்றோரைக் கேட்டோம், மாநிலத்தைக் கேட்டோம், அந்தப் பிள்ளைகளைக் கேட்டோமா என்பதே அவர் எழுப்பிய வினா. ஜெர்மனி வேறு வழியில் செல்கிறது. அங்கே வீட்டுக் கல்விக்கு இடமில்லை. 2006இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அங்கிருந்து வந்த பெற்றோரின் முறையீட்டை ஏற்க மறுத்துவிட்டது.

அரசின் கண்காணிப்பே தேவையில்லை என்று வாதிடுவோரும் உளர். அவர்களிடம் நான் கும்பகோணத்தை மட்டும் நினைவூட்டுவேன். 2004 ஜூலை 16ஆம் நாள், கூரை வேய்ந்த பள்ளியில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் கருகினர். அதை எண்ணும்போது கட்டட விதிகளைக் கேலி செய்ய எவருக்கும் நாவெழாது. எனினும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே எரிந்த பள்ளி மறைவாக நடந்த பள்ளியன்று. அரசு உதவி பெற்ற பள்ளியும் அக்கட்டடத்தில் இருந்தது. முத்திரை இருந்தது, போய்ப் பார்த்த கண்தான் இல்லை.

இனி நம் வீட்டுக்குள்ளும் சற்றுத் திரும்பிப் பார்க்கலாமா? வீட்டுக் கல்வி என்பது ஏதோ மேல்நாட்டாரின் புதுமை என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். நம் பெண்களின் கல்வி பல தலைமுறைகளாக வீட்டுக் கல்வியாகவே இருந்தது. என் உம்மாவின் உம்மா காயல்பட்டினத்தில் பிறந்து இப்பக்கம் வாழ்க்கைப்பட்டவர். குர்ஆனைத் தடையின்றி ஓதுவார். அரபுத் தமிழில் எழுதப்பட்ட கிதாபுகளை இனிய குரலில் படித்துப் பொருள் சொல்லுவார். பருத்தி எடைக்கணக்கை மனத்திலேயே போட்டுவிடுவார். தெருவிலுள்ள சிறுமியர் அவரிடம்தான் ஓதினர். அப்படிப்பட்டவர், தம் பெயரில் இருந்த நிலத்தை விற்க நேர்ந்தபோது பத்திரத்தில் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். அவருக்குத் தெரிந்த எழுத்து பதிவு அலுவலகத்துக்குத் தெரியாது. அலுவலகத்துக்குத் தெரிந்த எழுத்தை அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை. பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை அவர் பிறர் வாயால்தான் அறிந்தார். அவரை அன்போடு வளர்த்தவர்கள்தாம் அந்தக் குறையையும் செய்தார்கள். அவர்களிடம் யாரும் வந்து, ‘இப்பிள்ளைக்கு நாட்டார் படிக்கும் எழுத்தையும் சொல்லிக்கொடுங்கள்’ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் செய்திருப்பார்களா? செய்திருப்பார்கள் என்றே நம்ப விரும்புகிறேன்.

ஆகவேதான் நான் ‘உரிமை’ என்ற சொல்லைவிட ‘அமானிதம்’ என்ற நம் சொல்லையே இங்கு நாடுகிறேன். அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட பொருளை வைத்திருப்பவருக்கு அதைப் பாதுகாக்கும் உரிமை உண்டு. வழிப்போக்கர் வந்து பறிக்க முடியாது. அதே வேளையில் அப்பொருள் அவருடையதன்று; விருப்பம்போல் செலவிட இயலாது; கேட்கும்போது கணக்குக் காட்ட வேண்டும். தம் பொறுப்பில் உள்ளவரைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவர் என்ற போதனையைக் கேட்டே நாம் வளர்ந்தோம். குழந்தை பெற்றோரிடம் இருக்கும் அமானிதம். பள்ளியில் விடும்போது ஆசிரியரிடமும் இருக்கும் அமானிதம். அரசு அந்த ஒப்படைப்புக்குச் சாட்சி. சாட்சி இல்லாத அமானிதத்தில் மோசடி நுழையலாம். சாட்சியே பொருளை எடுத்துக்கொண்டு போய்விட்டால் அதுவும் மோசடிதான். 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தின் 26ஆவது விதியும் இவ்விரண்டையும் அருகருகே வைத்திருக்கிறது: தொடக்கக் கல்வி கட்டாயமாக இருக்க வேண்டும், எத்தகைய கல்வி என்று தேர்ந்தெடுக்கும் முதன்மை உரிமை பெற்றோருடையது. குழந்தையின் கருத்தையும் அதன் வயதுக்கேற்பக் கேட்க வேண்டும் என்பதை 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கை சேர்த்தது. 1992இல் இந்தியா அதில் இணைந்தது.

சாட்சியின் வேலை என்ன? அளவுநாடா கொண்டு நிலத்தை அளப்பதைவிட, பிள்ளையோடு தனியே கால் மணி நேரம் பேசுவது பெரிய வேலை என்பது என் துணிவு. அவள் எழுதுகிறாளா, படிக்கிறாளா, உண்கிறாளா, யாராவது அடிக்கிறார்களா, யாருடன் விளையாடுகிறாள், எப்போதாவது பள்ளிக்குப் போக ஆசைப்படுகிறாளா என்று கேட்டறிவது. சிறு பள்ளியானால், யார் யாரோடு உட்கார்ந்து உண்கிறார்கள் என்று பந்தியையும் ஒருமுறை பார்த்துவிடலாம். கூரையையும் பார்க்க வேண்டும்தான். இவை சரியாக இருந்தால், மூன்று ஏக்கர் இல்லை என்பதற்காகக் கதவை இழுத்துப் பூட்டுவதில் யாருக்கு நன்மை? வீட்டில் கற்பிப்பவர் ஆண்டுக்கொரு முறை தெரிவித்துப் பதிந்துகொள்ள ஒரு கட்டம் படிவத்தில் வேண்டும் என்று கேட்பதும் அரசின் கண்ணிலிருந்து தப்புவதற்காக அன்று. அரசின் கண்ணில் உண்மையாகப் படுவதற்காகவே.

அதுவரை கையிலிருக்கும் சட்டத்திலேயே சில வழிகள் உண்டு. அவற்றை நண்பரிடம் சொன்னேன். கல்வி உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவின்படி, பள்ளி செல்லாத குழந்தை எப்போது திரும்பினாலும் அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். விடுபட்டதை ஈடுசெய்ய உரிய பயிற்சியும் தர வேண்டும். ஆண்டு நடுவில் வந்தாலும் பள்ளி மறுக்க முடியாது. ஆகவே பூட்டிய கதவு என்று அஞ்ச வேண்டியதில்லை. பதினான்கு வயது நிறைந்தபின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதிந்து பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். 1989இல் தனி அமைப்பாக நிறுவப்பட்ட அதன் சான்றிதழ் மேற்படிப்புக்கு ஏற்கப்படுகிறது. யாரேனும் மிரட்டினால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களும் குழந்தைகளும் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி பெற உரியவர்கள். நம் ஊர்களில் இது தெரிந்தவர்கள் மிகக் குறைவு; வட்ட நீதிமன்றங்களின் வளாகத்திலேயே அதற்கான குழு இயங்குகிறது என்று சொன்னால் வியக்கிறார்கள். நண்பரும் வியந்தார், தாளில் குறித்துக்கொண்டார்.

இத்தனையும் சொல்லி முடித்தபின்தான் எனக்கு உறைத்தது. தந்தையிடம் பேசினேன்; தாயிடம் பேசினேன்; அரசியல் சட்டத்தையும் அமெரிக்கத் தீர்ப்பையும் புரட்டினேன். வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையிடம் ஒரு சொல் கேட்கவில்லை. நீதிபதி டக்ளஸை மேற்கோள் காட்டத் தெரிந்தவனுக்கு அது தோன்றவில்லை! அவளை அழைத்து, “மகளே, உனக்குப் பள்ளிக்குப் போக விருப்பமா, வீட்டிலேயே படிக்க விருப்பமா?” என்று கேட்டேன்.

விடை வர நேரமாயிற்று. யாரும் அவளுக்காகச் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை; அந்த மட்டில் அது நல்ல வீடு. “அறிவியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது அல்லவா, அதற்கு மட்டும் போகலாமா?” என்று கேட்டாள். சற்று நிறுத்தி, “சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் வந்துவிடுவேன்” என்றாள்.

அரை நாள் பள்ளிக்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று அவள் தந்தை என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்தவரை இல்லை என்றேன். சாப்பாட்டு நேரத்தில் என்ன நடந்தது என்று தாயார் அவளை மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் எழுந்து வெளியே வந்தோம்.